பெட்ரோல் மூடிக்கு வைத்த சந்தனம்

அந்த வருஷ ஆயுத பூஜை அன்று காலையில், மனைவியின் காது கேட்க, நான் ஒரு சபதம் செய்தேன். என் காரின் ஸ்டியரிங்கை உயிர் உள்ளவரை அவள் கையில் கொடுக்க மாட்டேன்.

கேட்பவர்களுக்கு இது அநியாயமாகப் படலாம். என் வீட்டுக்கு ஒரு நடை வந்து பார்த்தால் அப்படிப் படாது. பீரோ சாவி அவளிடம். டி.வி. ரிமோட் அவளிடம். என் சம்பளம் அவளிடம். என்னுடைய இன்னொரு செருப்பு எங்கே கிடக்கிறது என்ற தகவல்கூட அவளிடம்தான். திருப்பினால் திரும்பக்கூடிய ஒரு பொருளாவது வீட்டு ஆண்பிள்ளை கையில் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

என் பெயர் மாணிக்கவாசகம். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். சொந்த ஊர் கொள்ளேகால். மனைவி வள்ளியாத்தாள், ஹனூர்ப் பக்கத்துக் கரும்புக்காட்டுக்காரர் மகள். கார், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் கப்பலில் வந்தது. கறுப்பு நிறம், உருண்டைக் கண்கள், யானைக் காது மாதிரி மட்கார்டு. ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் மனமில்லாமல் விற்றார். நான் வள்ளியைக் கேட்காமல் வாங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் அது. அதனாலேயே அந்தக் காரின் மேல் எனக்குத் தனி மரியாதை.

சபதத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டு மல்லம்மா. அந்த அம்மாள் தன்னுடைய சிவப்பு மாருதியைத் தானே ஓட்டிக்கொண்டு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போவார். கணவர் நஞ்சுண்டசாமி பக்கத்து சீட்டில், மடியில் காய்கறிப் பையும், மூக்கில் இடிக்கும் முருங்கைக்காயுமாக உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். வள்ளிக்குக் கண் மின்னும்.

"ஏனுங்க, நானும் ஓட்டிப் பழகட்டுங்களா?"

"எதை?"

"இதைத்தான். வாரம் பூரா சும்மாதானே நிக்குது."

"மல்லம்மா ஓட்டறது சோப்பு டப்பா, புள்ள. இது பரம்பரை."

"யாரு பரம்பரைங்க? நீங்க வாங்கியே வருஷம் திரும்பலியே."

"டாக்டர் பரம்பரை."

"டாக்டரு வீட்டம்மாதான் ஓட்டுவாங்களாமா. டாக்டரே சொன்னாரு."

இப்படியெல்லாம் பேசினால் ஒரு மனிதன் சபதம் செய்யாமல் வேறு என்ன செய்வான்?

செய்த கையோடு பூஜையும் செய்தேன். மைசூரில் ஆயுத பூஜை என்றால் சைக்கிள் பம்புக்குக்கூட மாலை விழும். என் கார் மட்டும் இளைத்ததா? கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்துக்கொண்டு விளக்குக்கு, சக்கரத்துக்கு, கதவுக்கு, ஹாரனுக்கு என்று அப்பினேன். பின்பக்கம் பெட்ரோல் டாங்கி மூடி. அதன் நடுவில் பொடியாக ஒரு துளை இருந்தது. பொட்டு நிற்பதற்கென்றே போட்ட மாதிரி இருந்தது. வெள்ளைக்காரனுக்கு என்ன பக்தி என்று வியந்து, சந்தனத்தைக் கட்டை விரலால் அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது மனசு நிறைந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூடு கோயிலுக்குக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டும் வரை கார் பாடிக்கொண்டு போயிற்று. அப்புறம் இருமியது. இரண்டு குலுக்கு குலுக்கியது. நின்றுவிட்டது.

இறங்கி பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எனக்குத் தெரிந்த அளவுக்கு அதுதான் சோதனை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த புளியோதரையைத் தின்றோம். வெகுநேரம் கழித்து எழுந்தேன்.

"தள்ளித்தான் பாக்கணும். தள்றயா?"

"நீங்க இருக்கறப்ப நானு தள்ளுனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

நியாயம்தான். ஆனால் நான் பின்னால் தள்ளினால் முன்னால் யார்? சபதம் குறுக்கே வந்து நின்றது. ஸ்டோர்ஸில் இருபது வருஷம் ஆடிட்டருக்குப் பதில் சொன்னவன் நான். வழியா தெரியாது?

"வள்ளி, நீ ஸ்டியரிங்ல உக்காரு. ஆனா ஒண்ணு. நீ ஓட்டறதா அர்த்தமில்ல. சும்மா பிடிச்சுக்கறே. அவ்வளவுதான்."

"சரிங்க. பிடிச்சுக்கறேன்."

"இது கிளச்சு. மிதிச்சுக்கோ. கியரை இப்படி ரெண்டாவதுல போட்டு வை. நான் கத்தறப்ப காலை எடு."

தள்ளினேன். கத்தினேன். அவள் காலை எடுத்தாள். கார் ஒரு துள்ளுத் துள்ளி உயிர் பெற்றது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். வள்ளியின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் போட்டோவில்கூட அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

அந்த வாரமே வீட்டில் வேறொரு சம்பவம். கடலை எண்ணெய் டின் புதிதாக வாங்கி வந்திருந்தேன். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் எண்ணெய் வரமாட்டேன் என்றது. டின்னைக் குலுக்கினேன், தட்டினேன், திட்டினேன்.

"ஏனுங்க, ஒத்த ஓட்டையில எப்படி எண்ணெ வரும்? காத்து உள்ள போக எதுத்தாப்புல இன்னொண்ணு போட வேண்டாமுங்களா?"

ஆணியைப் பிடுங்கி மறுபக்கம் ஒரு குத்துக் குத்தினாள். எண்ணெய் கயிறு மாதிரி இறங்கியது. ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் டின்னையே பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கார் நிற்காத ஞாயிறே இல்லை. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நின்றது. சாமுண்டி மலை அடிவாரத்தில் நின்றது. கே.ஆர். சர்க்கிளில், போலீஸ்காரர் விசிலை வாயிலேயே மறந்து வேடிக்கை பார்க்க, நடு ரோட்டில் நின்றது. வள்ளி அதற்கு எருமை என்று பெயர் வைத்தாள். தனியாக ஒரு தடவை எடுத்துப் போனேன். ஹெப்பாள் தாண்டி நின்றது, நின்றதுதான். பொழுது சாயும் வரை கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

வள்ளி கூட வந்தால் அந்தத் தொல்லை இல்லை. கார் நின்றதும் இறங்குவாள். கையைக் கூப்பிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வலம் வருவாள். பின்பக்கம் போனதும் பெட்ரோல் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். பாவம், பெருமூச்சு விடுகிறாள் என்று எனக்கு மனசு இளகும். பிறகு அவள் ஸ்டியரிங்கில் ஏற, நான் தள்ள, கார் கிளம்பிவிடும். என்ன ராசிக்காரி என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்குப் பொட்டு வைப்பாள். வேறெங்கும் அழிந்தாலும் அந்தப் பெட்ரோல் மூடியில் மட்டும் சந்தனம் அழிந்து நான் பார்த்ததில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலையில் என்னோடு டீ குடிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வியாதிப் பெயர் இருந்தது. ஒருவர் பிளக் என்றார், மாற்றினேன். ஒருவர் காயில் என்றார், மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சமையல் மேடையில் பரப்பினேன். திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. அதற்கும் எங்கோ ஓர் இடம் தேடி மாட்டிய பிறகுதான், அது வள்ளியின் டார்ச் லைட்டு ஸ்பிரிங் என்று தெரிந்தது. ஒரே ஒரு நாள் எனக்கு மூளை சரியான திசையில் ஓடியது.

"வள்ளி, பெட்ரோல்தான் வரமாட்டேங்குதுன்னு படுது. டாங்கியைத் தொறந்து பாக்கலாமா?"

அவள் கையில் இருந்த முறம் ஒரு கணம் நின்றது.

"டாங்கி ரொம்பி இருக்குதுங்களே. ரொம்பி இருக்கறது எப்படி வராமப் போகும்? எனக்கென்னமோ கரண்டு சமாச்சாரமாப் படுதுங்க."

"கரண்டா?"

"நீங்க படிச்சவங்க. நானு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

படிச்சவங்க என்ற வார்த்தை எனக்கு ஒத்துக்கொள்ளாது. கேட்டால் உடனே தலை ஆடிவிடும். அடுத்த ஒரு மாதம் ஒயரிங்கைப் பிரித்தேன்.

இதற்கிடையில் வள்ளியின் 'பிடித்துக்கொள்வது' வளர்ந்துகொண்டே போயிற்று. ஆரம்பத்தில் கார் கிளம்பியதும் அங்கேயே பிரேக் போட்டு எனக்காக நிறுத்துவாள். அப்புறம் அடுத்த மரம் வரை போய் நின்றாள், அங்கேதான் நிழல் என்று. அப்புறம் அடுத்த சர்க்கிள் வரை. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து சேர்வதற்குள் அவள் இளநீர் வாங்கி எனக்கு ஒன்று வெட்டி வைத்திருப்பாள். ஒரு ஞாயிறு, எனக்கு மூச்சு வாங்கும் என்று இரக்கப்பட்டு, காரைத் திருப்பிக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். இன்னொரு ஞாயிறு ரிவர்ஸிலேயே வந்தாள்.

இதையெல்லாம் மாருதியிலிருந்து மல்லம்மா பார்த்தார். கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன் சார், எருமை மறுபடி நின்னு போச்சா?"

"சின்ன கோளாறு மேடம்."

"பரவா இல்ல விடுங்க. வள்ளி சென்னாகி, நல்லாவே ஓட்டறாங்களே."

"ஓட்டலை மேடம். பிடிச்சுக்கறா."

நஞ்சுண்டசாமி பக்கத்து சீட்டிலிருந்து என்னைப் பார்த்தார். வா என்று கூப்பிடுவது போல இருந்தது அந்தப் பார்வை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தை மாதம் கொள்ளேகாலில் சகலை சித்தையன் புது வீடு குடி போனான். வள்ளியின் தங்கை வீட்டுக்காரன். பட்டு வியாபாரம். எருமை பற்றிய சேதி அவனுக்கு எப்படியோ போய்விட்டது. போனில் கூப்பிட்டான்.

"அண்ணா, விசேசத்துக்கு பஸ்ஸுலயே வந்துருங்க."

"ஏன், கார்ல வர்றேன்."

"வேண்டாமுங்ணா. வர்ற சனம் பூரா உங்களத் தள்ளப் போயிட்டா இங்க பந்தியில யாரு உக்காருவா?"

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. போனை வைத்தபோது என் காது சுட்டது. வேறெங்கே மானம் போனாலும் பரவாயில்லை. சகலை வீட்டு வாசலில் போனால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். அந்தக் காரில்தான் போவேன், நடுவில் நிற்காமல் போவேன் என்று வள்ளியிடம் சொன்னேன்.

"நிக்காமப் போயிருச்சுன்னா எனக்கு என்ன தருவீங்க?"

"நீ கேக்கறது எதுவானாலும் சரி."

"அப்பறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாணிக்கவாசகம் பேச்சு மாறி நீ பாத்திருக்கியா?"

அவள் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வண்டியைக் கழுவப் போனாள். நான் கடைசி மருந்தாகக் கண்டென்சரை மாற்றினேன்.

விசேஷத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். நிற்கும் என்று நான் பயந்த இடம் வந்தது. நிற்கவில்லை. அடுத்த இடம் வந்தது. நிற்கவில்லை. நரசிபுரா பாலத்தில் ஆற்றைப் பார்த்தபடி ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். மூகூர் தாண்டியபோது பாட ஆரம்பித்துவிட்டேன். வள்ளி தாளம் போட்டாள். சித்தையன் வீட்டுப் பந்தலுக்கு முன்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, தேர் நிலைக்கு வந்த மாதிரி ஒரு கூட்டம் கூடியது.

"அண்ணா, எப்படீங்ணா? என்ன கோளாறு?"

"கண்டென்சர்," என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பந்தல் காலில் சாய்ந்துகொண்டு விளக்கினேன். கண்டென்சர் கெட்டால் கரண்டு எப்படித் தடுமாறும், தடுமாறினால் இன்ஜின் எப்படிச் சோரும், எப்படி மூன்று மாதம் ஆராய்ந்து நான் அதைப் பிடித்தேன். சித்தையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். சுற்றி நின்ற சம்பந்திகள் தலையாட்டினார்கள். வள்ளி லட்டுத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "ஏனுங்க, ஒரு நிமிஷம்," என்று என்னைக் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்த மூடியப் பாருங்க."

பார்த்தேன். சந்தனம் இல்லை. நடுவில் அந்தத் துளை பளிச்சென்று இருந்தது.

"இது காத்துப் போற ஓட்டைங்க. நீங்க பூசையன்னிக்கு அதுல சந்தனத்த வெச்சு அமுக்கிட்டீங்க. காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படி வெளிய வரும்? எண்ணெ டின்னு கதைதானுங்க. நேத்து நாந்தான் ஊசியில குத்தித் தொடச்சுவிட்டேன்."

'உஸ்' என்ற அந்தப் பெருமூச்சு, அவள் மூடியைத் திருகியதும் காற்று உள்ளே போன சத்தம் என்று எனக்கு உறைத்தது. கூடவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைவுக்கு வந்தது.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"எண்ணெ டின்னு வாங்குன அன்னிக்கே."

"அடிப்பாவி. அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எனக்கு யாருங்க கார் ஓட்டக் கத்துக் குடுத்திருப்பா?"

நான் காரைப் பிடித்துக்கொண்டேன்.

"மல்லம்மாக்கா மாருதியில ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கிட்டேனுங்க. இப்ப நீங்க பந்தலுக்குப் போயி கண்டென்சருன்னே சொல்லுங்க. யாரு கேட்டாலும் நானும் கண்டென்சருன்னுதான் சொல்லுவேன். கேட்டது தர்றேன்னீங்களே, அந்தச் சாவிய மட்டும் குடுங்க. திரும்பிப் போறப்ப நானு ஓட்டறேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. சிரிப்பு வந்துவிட்டதே என்று அப்புறம் கோபம் வந்தது. பந்தலில் சித்தையன் என்னைக் காட்டி யாரிடமோ "இன்ஜினியர் தோத்தாரு போங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. சாவியைக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் இலையில் ஒன்றும் ருசிக்கவில்லை. மூன்று மாதம் தள்ளியிருக்கிறேன். இளநீர் குடித்துக்கொண்டு அவள் பார்த்திருக்கிறாள். இதை இப்படியே விடுவதா? கை கழுவிவிட்டு வரும் வழியில், வாசல் மேஜையில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரு விரல் நிறைய அள்ளினேன். நெற்றிக்குப் போவது போலப் போய், காரின் பின்பக்கம் போனேன். துளையில் வைத்து அழுத்தினேன். பாதி வழியில் நிற்கட்டும். ஓட்டத் தெரிந்தவள் விழிக்கட்டும். அப்போது தெரியும் மாணிக்கவாசகம் யாரென்று.

புறப்படும்போது ஊரே வாசலில் நின்றது. வள்ளி முந்தானையைச் செருகிக்கொண்டு, பழைய பழக்கத்தில் வண்டியை ஒரு சுற்று வலம் வந்து, டிரைவர் சீட்டில் ஏறினாள். சித்தையன் மனைவி தாம்பூலப் பையையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் என் மடியில் வைத்தாள். எனக்கு நஞ்சுண்டசாமி ஞாபகம் வந்தது.

என்னைவிட நன்றாகத்தான் ஓட்டினாள். கரும்பு வண்டிகளை ஒதுங்கிக் கடந்தாள். கை காட்டித் திரும்பினாள். நான் வாழைப்பழம் ஒன்றை உரித்துக்கொண்டு காத்திருந்தேன். நரசிபுரா பாலம் தாண்டி மேடு ஆரம்பிக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் அடங்கியது. கார் உருண்டு ஓரமாக நின்றது.

"அடடா, நின்னுருச்சுங்களே," என்றாள்.

"அப்படியா?" என்றேன். பழம் இனித்தது.

"எறங்குங்க."

"நானா? எதுக்கு?"

"தள்ளறதுக்குத்தானுங்க. நானு ஸ்டியரிங்ல இருக்கேனே."

பழம் தொண்டையில் நின்றது. இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. சந்தனம் வைத்தேன் என்று சொல்லவும் வழியில்லை. இறங்கினேன். மேட்டில், பட்டு வேட்டியோடு, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். எதிரே வந்த பஸ்ஸில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கொஞ்ச தூரத்தில் முதுகு கெஞ்சியது. மானம் ஒரு பக்கம் கிடக்கட்டும், மூடியைத் திறந்துவிடலாம் என்று தைரியம் வந்தது. குனிந்து, அவள் கண்ணாடியில் பார்க்காத சமயமாகக் கையை நீட்டினேன்.

மூடியில் ஒரு பொட்டுச் சந்தனம் இல்லை. துளை காலையில் பார்த்த மாதிரியே பளிச்சென்று இருந்தது.

வள்ளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அத அங்க சுத்தி வர்றப்பவே தொடச்சுட்டேனுங்க. இப்ப சாவியத் திருப்பி வண்டிய அணைச்சது நாந்தான், நீங்க தள்ளாம ஓட்டுனா என்னமோ ஓட்டுன மாதிரியே இல்லீங்க."